சுவருக்குக் காது இல்லாத இடம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பெயரும் எஸ்டேட் பெயரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். வராது. மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்த மலையில் அப்படி எத்தனையோ லயம், எல்லாம் ஒரே சாயலில், ஒரே தகரக் கூரையோடு. எனவே பயப்பட வேண்டாம்.

"சில ராத்திரி, தூங்கினால் அப்படியே எழாமல் போனால் நல்லா இருக்கும்னு தோணுது அக்கா" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடிதம் கைக்கு வந்த அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடிய வரி இல்லை அது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அதே நினைப்பு ஓடினால் அவர்களுக்கும் சொல்கிறேன்: 14416. டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது. நள்ளிரவிலும் எடுப்பார்கள். அழைத்ததும் எந்த மொழி என்று கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் இதே எண்தான். "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் இருக்கிறது: 044 24640050. சாகணும் என்று திட்டம் போட்டிருந்தாலோ, வீட்டில் ஏலத்துக்கு அடிக்கிற மருந்து மாதிரி ஏதாவது இருந்து அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தாலோ, போனோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அந்தப் பொருளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் அவரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் ஆன்லைன் சிகிச்சை அதற்குப் பிறகு.

இனி உங்கள் கேள்விகள்.

"எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் எதற்கு இந்தச் சோர்வு? இது வியாதிதானா, இல்லை என் சுபாவமா?" என்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டில் உங்களுக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டப்பெயர். ரிசார்ட் வேலைக்குப் போகிறீர்கள், வருகிறீர்கள், சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறீர்கள். ஒரு நாள் லீவு போட்டதில்லை. அழுவதும் இல்லை. ஆனால் எதிலும் ருசி இல்லை. மூன்று வருடமாக.

மனச்சோர்வில் இப்படி ஒரு வகை உண்டு. ஆளை ஒரேயடியாகக் கட்டிலில் சாய்க்காது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, மனசு தாழ்ந்தே கிடக்கும். பெரியவர்களுக்கு இரண்டு வருடம் இப்படி நீடித்தால் அதை நீடித்த மனச்சோர்வு என்று டாக்டர்கள் வகைப்படுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வருடம். இதில் கெட்டது என்னவென்றால், நாள் ஆக ஆக நோயாளிக்கே அது நோய் என்று தெரியாமல் போய்விடும். 'நான் இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுவார். வீட்டிலும் அப்படியே முடிவு கட்டிவிடுவார்கள். வேலைக்குப் போய்வருகிற பெண்ணை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள்? நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு ஏறக்குறைய 85 பேர் சிகிச்சைக்கே போவதில்லை. அந்த 85இல் உங்களைப் போல வேலைக்குப் போய்வந்துகொண்டு இருப்பவர்களும் அடக்கம்.

ஆனால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே கடிதத்தில்தான், அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச வருடத்தில் சர்வீஸ் முடிகிறது, அப்புறம் லயத்தைக் காலி செய்யணும், நீங்களோ தம்பியோ எஸ்டேட் வேலையில் சேரவில்லை, ஊர் என்று சொல்ல கயத்தாறு பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் கால் பங்கு மட்டும்தான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடு, ஒருநாள்கூட நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது? எந்தத் தெரபிஸ்ட்டும் உங்களுக்கு நாலு சென்ட் பட்டா வாங்கித் தர முடியாது. அதைத் தெரபி செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015இல் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று ரோட்டில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி போனஸை வாங்கினார்களே, அந்த மாதிரிக் காரியத்தால்தான் அது நடக்கும். ஆனால் ரோட்டுக்கு வந்து உட்காரவும், பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுக்கவும், காலையில் எழுந்திருக்க ஒரு தெம்பு வேண்டும். மனச்சோர்வு முதலில் கை வைப்பது அதில்தான். வெளியே நிஜமான காரணம் இருப்பதால் உள்ளே இருப்பது நோய் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். நான் எழுதுகிறவள், டாக்டர் இல்லை.

போனில் பேசி இதெல்லாம் சரியாகுமா என்று கேட்டதில் ஒரு கிண்டல் தெரிந்தது. நியாயமான கிண்டல்தான். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அமெரிக்காவில் சிகாகோவில் டேவிட் மோர் என்பவரின் குழு 325 பேரை வைத்து இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டது. எல்லாருக்கும் ஒரே சிகிச்சை, 18 அமர்வு. பாதிப் பேருக்கு நேரில், பாதிப் பேருக்குப் போனில். முடிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். நடுவில் விட்டுப் போனவர்கள் நேரில் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு. போனில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்கள் சற்றே மேலாக இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. எனக்கு இதில் பிடித்தது அந்த ஐந்தில் ஒரு பங்கு. சிகாகோவிலேயே போக்குவரத்துக்கு அலுத்து விட்டுவிடுகிறார்கள் என்றால், மூணாறிலிருந்து இடுக்கி மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு வாராவாரம் யார் போவார்கள்? ஒரு நாள் கூலி போய், பஸ் காசும் போய்?

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, டாக்டர் பட்டம் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கடுமையான மனச்சோர்வுக்காரர்களோடு ஆறிலிருந்து எட்டுத் தடவை பேச வைத்தது. மூன்று மாதத்தில் அப்படிப் பேசியவர்களில் 100க்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர். லான்செட் இதழில் 2017இல் வந்தது. அவர்கள் பேசியது பெரும்பாலும் நேரில்தான். என்ன பேசினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, இப்போது நான் உண்மையாகக் கவலைப்படும் விஷயம். சிக்னல் இல்லை, அதுதான் தடை என்று எழுதியிருந்தீர்கள். சிக்னலை எப்படியாவது பிடித்துவிடுவீர்கள். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் மலைப் பிள்ளைகள் ரோட்டோரம் மேடு தேடிப் போய்ப் பிடித்தார்களே. உங்கள் தடை லயத்துச் சுவர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் நம் வீட்டுத் தட்டு அதிரும். அங்கே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பா செத்தப்ப எனக்கு அழுகையே வரலை" என்று ஒரு தெரபிஸ்ட்டிடம் சொல்ல முடியுமா? பகலில் கதவைச் சாத்தினாலே ஏன் சாத்தினாள் என்று நாலு பேர் கேட்பார்கள். கொழுந்துக் காட்டுக்குப் பேச்சு போய்ச் சேர ஒரு மணிநேரம் போதும். பெரிய நகரத்து ஆட்கள் எழுதும் குறிப்புகளில் 'தனி அறையில் ஹெட்போன் போட்டு அமருங்கள்' என்று இருக்கும். தனி அறை! ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது. நீங்கள் பேசுவது?

ஆன்லைன் தெரபி தொடங்கி இரண்டாம் மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டவர்கள் எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தெரபிஸ்ட் சரியில்லை என்பார்கள், நெட் சரியில்லை என்பார்கள். நோண்டிக் கேட்டால், பேச வேண்டியதைப் பேச முடியவில்லை, பக்கத்து அறையில் மாமியார் இருந்தார் என்று வரும். எனவே ஆளைத் தேடும் முன்னால் இடத்தைத் தேடுங்கள். இதை நான் ஏதோ சின்ன ஏற்பாடாகச் சொல்லவில்லை. பாதி சிகிச்சை இதில் இருக்கிறது.

ஜிம்பாப்வே நாட்டில் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் இதே முட்டுக்கட்டையில் நின்றார். அறை இல்லை, ஆள் இல்லை. அவர் சுகாதார நிலையத்துக்கு வெளியே, மரத்தடியில் ஒரு மர பெஞ்சைப் போட்டு, ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து அதில் உட்கார வைத்தார். நட்பு பெஞ்ச் என்று அதற்குப் பெயர். போகிற வருகிற எல்லாரும் பார்க்கலாம், யாருக்கும் எதுவும் கேட்காது. அறைக்குள் போனால்தான் ரகசியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லயத்தில் அது தலைகீழ். உள்ளே கிசுகிசுத்தால் ஊருக்கே கேட்கும். தேயிலைக் காட்டு ரோட்டில், வளைவில், ஒரு கல்லில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினால் நூறு அடிக்கு அப்பால் ஒரு ஈ காக்காய்க்குக் கேட்காது. பார்ப்பவர்கள் 'ஏதோ போன் பேசுறா' என்று போய்விடுவார்கள். போன் பேசாத பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள்?

நேரத்தை மட்டும் யோசித்து வையுங்கள். மாலை நாலரைக்குமேல் வேண்டாம். படையப்பா யானை ரோட்டுக்கு வந்தால் தெரபிஸ்ட்டின் அப்பாயின்ட்மென்ட்டைக் கேட்டுக்கொண்டு வராது. மழை மாதங்களில் வேறு இடம் வேண்டும்: வார நாளில் காலியாகக் கிடக்கும் கோயில் மண்டபம், பூட்டிய கிரெச்சின் திண்ணை, ரிசார்ட்டில் உங்கள் ஷிப்ட் முடிந்தபின் காலியாக நிற்கும் வண்டி. என் தெரபிக்கு நான் எங்கள் தோப்பில் மோட்டார் ரூம் திண்ணையில் உட்காருவேன். முதல் தடவை பேசிக்கொண்டே இருந்தபோது தலைக்குமேல் தென்னையில் சத்தம். பார்த்தால் கள் இறக்குகிற அண்ணன், கலயத்தோடு, என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மதுரையிலிருந்து தெரபிஸ்ட் "கேக்குதா? நெட் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அண்ணன் மரம் ஏறாத நேரமாகப் பார்த்து மாற்றிக்கொண்டேன்.

மதுரை என்றதும் மொழிக்கு வந்துவிட்டேன். "எனக்கு மலையாளம் நல்லாத் தெரியும், அதனால மலையாளத்திலேயே பார்க்கலாமா" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் தெரியும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் யாருக்குத்தான் தெரியாது? வில்லேஜ் ஆபீசில், ரேஷன் கடையில், பிள்ளையின் டீச்சரிடம், எல்லாம் அதில்தான். ஆனால் நான் முதலில் பார்த்த கவுன்சிலர் மலையாளி. நல்ல பெண். அவரிடம் என் அப்பாவைப் பற்றிப் பேசும்போது எனக்கு வாயில் வந்த மலையாளத்துக்கு எவ்வளவு துக்கம் தெரியுமோ அவ்வளவுதான் சொன்னேன். மீதி உள்ளேயே இருந்தது. கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ, அந்த மொழி பேசுகிறவரைப் பாருங்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் என்று எல்லையோரத் தாலுகாக்களில் இவ்வளவு தமிழர் இருந்தும், தமிழில் தெரபி செய்கிறவரை நடந்துபோகும் தூரத்தில் பார்ப்பது அபூர்வம். ஆன்லைனின் நிஜமான லாபம் நமக்கு இதுதான். தேனியோ திருநெல்வேலியோ, தமிழ் பேசுகிறவர் எங்கே இருந்தாலும் மோட்டார் ரூம் திண்ணைக்கு வந்துவிடுவார்.

ஆளைத் தேடும்போது படிப்பைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேல்படிப்புப் படித்த டாக்டர். இவர்களில் மருந்து எழுத அவரால்தான் முடியும். கவுன்சிலர் என்ற பெயரை வாரக்கடைசி சான்றிதழ் வாங்கியவர்களும் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. உங்களுக்கு இருக்கிற மாதிரி மூன்று வருடச் சோர்வுக்கு அவர்களை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆப் ஒன்றில் நானும் மாட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம். பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் வந்து, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று ஆதியிலிருந்து கேட்டார். முன்பணம் கட்டாதீர்கள். ஒரு அமர்வு, ஒரு கட்டணம், அதே ஆள். தனியாரில் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நாள் எஸ்டேட் கூலி ஆகும். மாதம் இரண்டு தடவை வைத்துக்கொள்ளலாமா, கட்டணம் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் சம்மதிப்பார்கள்.

மனிதர் யாரும் இல்லாமல் தானே ஓடும் ஆப், பாடம் மாதிரிப் படித்துக்கொண்டே போவது, அவையும் இருக்கின்றன. லேசான சோர்வுக்கு உதவும். சோர்வு கூடக் கூட, அவ்வப்போது ஒரு ஆள் கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி இருந்தால்தான் பலன் அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. 14416ஐயும் தெரபி என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அது கை கொடுக்கும், தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைத்தும் விடும். வாராவாரம் அதே ஆளோடு போகும் வேலை வேறு.

முதல் நாள் என்ன கேட்பார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். முதலில் முகவரி கேட்பார்கள். பெயரை மறைக்க நினைத்தாலும் இதை மறைக்காதீர்கள். இப்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, லைன் அறுந்தால் யார் யாரை மறுபடி அழைப்பது, இவ்வளவையும் கேட்காத தெரபிஸ்ட் மலைக்கு லாயக்கில்லை. மதுரையில் இருப்பவருக்கு நீங்கள் கேரளத்தில் இருப்பது தெரிய வேண்டும். எல்லையில் நம் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாது. உங்களுக்கு நான் பெட்டிமுடியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி நாலு லயம் மண்ணுக்குள் போய் 70 பேர் போனார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி, "எங்க சித்தி குடும்பமும் அதில்" என்று, கமா போட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். தெரபிஸ்ட்டிடம் அந்தக் கமாவில் கொஞ்சம் நில்லுங்கள்.

பிறகு பலரும் ஒன்பது கேள்விகள் கேட்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் ஆர்வம் இல்லாமல் இருந்தது, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. ஒன்பதாவது, செத்துப்போகலாம் என்ற நினைப்பு பற்றியது. அங்கே 0 போட்டுத் தப்பிக்கக் கூடாது. எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் வேலை. பெரும்பாலும் ஒரு நோட்டில் தொடங்கும். கோவாவில் செய்ததும் அடிப்படையில் இதைத்தான். மனசு சரியானதும் செய்வேன் என்று நாம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போடுவதாலேயே மனசு இன்னும் தாழ்கிறது. அதனால் மனசு வராதபோதே சின்னதாக ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். என் நோட்டில் மூன்று கட்டம்: நேரம், என்ன செய்தேன், மனசு பத்துக்கு எவ்வளவு. முதல் வாரம் பார்த்தால் கேவலமாக இருந்தது. மதியம் முழுக்க 'படுத்திருந்தேன் – 2', 'போன் பார்த்தேன் – 2', மறுபடி 'போன் பார்த்தேன் – 1'. அடுத்த வாரத்துக்கு என் தெரபிஸ்ட் கொடுத்தது ஒன்றே ஒன்று: செவ்வாய்க்கிழமை வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு நானே போய்வர வேண்டும், அத்தையை அனுப்பக் கூடாது. போனேன். கத்தரிக்காய் பேரம் பேசியதில் கடைக்காரர் ஒருவர் என்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்து எழுதினேன்: '4'. திட்டு வாங்கியும் 4! இதுதானா சிகிச்சை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. தெரபிஸ்ட் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. "எந்த இடத்தில் 2 ஆக இருந்தது 4 ஆச்சு? பஸ்ஸிலா, சந்தையிலா?" என்று கேட்டார். நான் யோசித்தே பார்க்கவில்லை. பஸ்ஸில்தான்.

உங்களுக்கு அது பஸ்ஸாக இருக்காது. நீங்கள் பாடுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சோர்வுக்கும் வயது மூன்று. அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று உங்கள் தெரபிஸ்ட் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதற்கிடையில் உடம்பையும் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே வேஷத்தைப் போட்டு வரும்: அசதி, தூக்கம், எதிலும் பிடிப்பின்மை. பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போனால் எந்தெந்த ரத்தச் சோதனை தேவை என்று அங்கே சொல்வார்கள். கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் அந்த மையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வு கிளினிக் நடத்துகிறார்கள். எந்த நாள் என்று ஆஷா பணியாளர் அக்காவிடம் கேட்டால் தெரியும். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குழுவும் குறிப்பிட்ட நாட்களில் சுற்றி வரும், மருந்துக்குக் காசில்லை. மருந்து வேண்டாம் என்ற வைராக்கியம் உங்களிடம் தெரிகிறது. நீண்ட நாள் சோர்வுக்குப் பேச்சும் மருந்தும் சேர்ந்தால்தான் பலருக்கு நன்றாகக் கேட்கிறது. இரண்டு முதல் நாலு வாரம் வரை ஒன்றும் தெரியாது, அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். தேறியபிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள். இது போதைப் பழக்கமாக ஆகிற மருந்து இல்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகுமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் விஷயத்தை டாக்டரோ தெரபிஸ்ட்டோ வெளியே சொல்லக் கூடாது. ஊர் வாயை எந்தச் சட்டமும் மூடாது.

அம்மாவிடம் சொல்வதா என்பதற்குத்தான் நிறைய யோசித்தேன். சொல்லுங்கள் என்றே முடிவுக்கு வந்தேன். எல்லாவற்றையும் அல்ல. 'மனநோய்', 'தெரபி' என்று ஆரம்பித்தால் அவர் பதறி, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு கயத்தாறுக்குக் கிளம்பிவிடுவார். போகட்டும், அதுவும் நல்லதுதான், கூடப் போய்வாருங்கள். ஆனால் முதலில், "தூக்கம் சரியா வரலைம்மா, ஒரு டாக்டரம்மாகிட்ட வாரம் ஒரு தடவை போன்ல பேசணும், அரை மணிநேரம் ஆகும், ரோட்டுப் பக்கம் போய்ப் பேசுறேன்" என்று சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. இருபத்தைந்து வருடம் கூடை சுமந்த பெண்ணுக்கு மகளின் தூக்கம் கெட்டது இத்தனை நாள் தெரியாமலா இருக்கும்? அக்கம்பக்கத்தார் கேட்டால் பதில் சொல்லிச் சமாளிக்க லயத்தில் உங்களுக்கு ஒரு ஆள் தேவை. அம்மாவைவிட அந்த வேலைக்குத் தகுந்தவர் யாரும் எனக்குத் தோன்றவில்லை.

தமிழ் பேசுகிற, பதிவு உள்ள சிலரின் விவரத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதல் ஆள் ஒத்துவராவிட்டால் இரண்டாவது ஆளிடம் போங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாலைந்து தடவை பேசியபின் ஒரு கார்டு போடுங்கள். நன்றாக இல்லை என்றாலும் போடுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறை அக்கா